கொலோனோஸ்கோப்பிக்குப் பிறகு இடது தோள்பட்டை வலித்தால்

கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) முடிந்து வீடு வந்து சேர்ந்த அன்று இரவோ மறுநாளோ வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில், மெடிக்கல் ஷாப்பில், தெருமுனை கிளினிக்கில், எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "கேஸ்." பெரும்பாலும் அது சரியான பதிலும்கூட. காற்றை ஊதிக் குடலை விரித்துத்தான் உள்ளே பார்க்கிறார்கள். ஊதியது வெளியேறும் வரை வயிறு உப்பும், பிசையும். ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு மொட்டை மாடியில் நாலு நடை நடந்தால் அடங்கிவிடும்.

இந்தப் பதிவு அப்படி அடங்காத ஒரு வலியைப் பற்றியது. பரிசோதனையின்போது குடலுக்குப் பக்கத்தில் இருக்கும் மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிவதால் வரும் வலி. மிக அபூர்வம். ஆய்வுகள் சொல்லும் கணக்கு 0.00005 சதவீதத்திலிருந்து 0.017 சதவீதம் வரை நீள்கிறது. அதிகபட்சக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் பத்தாயிரம் பேரில் ஒன்றிரண்டு பேர். கணக்கு இவ்வளவு அகலமாக இருப்பதற்கே காரணம், எல்லாச் சம்பவங்களும் பதிவாவதில்லை என்பதுதான். சின்னக் கசிவுகள் "கேஸ்" என்ற பெயரிலேயே ஆறிப்போயிருக்கும்.

மருத்துவ இதழில் முதன்முதலாக இது எழுதப்பட்டது 1974-ல். ஐம்பது வருடம் ஆகியும், கொலோனோஸ்கோப்பி செய்துகொள்கிறவர்களில் கிட்டத்தட்ட யாருக்குமே இப்படி ஒன்று உண்டு என்று தெரியாது. எமர்ஜென்சியில் இரவு டியூட்டி பார்க்கும் இளம் டாக்டர்களிலும் பலர் இதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆபத்து அந்தக் கிழிசலில் மட்டும் இல்லை, அதை யாரும் நினைத்துப் பார்க்காததிலும் இருக்கிறது.

சுவரொட்டி

கறிக்கடையில் சுவரொட்டி பார்த்திருப்பீர்கள். கருஞ்சிவப்பாக, பலகையில் வைத்தால் அப்படியே படிந்து கிடக்கும். மேலே மெல்லிய உறை. கத்தி முனை பட்டு அந்த உறை கிழிந்தால் உள்ளிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். தைக்க முடியாது, ஊசி போட்டால் ஊசியோடு சதை பிய்ந்து வரும். அதுதான் ஆட்டின் மண்ணீரல். மனிதருடையதும் தன்மையில் அப்படித்தான்: ரத்தம் ஊறிய ஸ்பாஞ்ச், ஏறக்குறைய 150 கிராம், இடது பக்கம் 9-ஆவது விலாவிலிருந்து 11-ஆவது விலா வரைக்கும் உள்ளே ஒண்டியிருக்கும். இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ஐந்து லிட்டரில் கால் லிட்டர் அளவு இதற்குள் புகுந்து வெளிவருகிறது. அதனால் சின்னக் கிழிசலையும் சின்னது என்று விட முடியாது.

பெருங்குடல் இடது பக்கமாக மேலே ஏறி, விலாவுக்கு அடியில் சட்டென்று வலது பக்கம் மடங்கும். அந்த மடிப்பை டாக்டர்கள் ஸ்ப்ளீனிக் ஃப்ளெக்சர் என்பார்கள். அந்த மடிப்பை மண்ணீரலோடும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தோடும் சேர்த்துப் பிடித்திருப்பது ஜவ்வு போன்ற பட்டைகள். இதில் ஸ்ப்ளீனோகாலிக் தசைநார் என்பது மண்ணீரலின் மேலுறையிலேயே போய் ஒட்டுகிறது. இங்கேதான் வில்லங்கம். குடலை இழுத்தால் தசைநார் இழுபடும், தசைநார் இழுபட்டால் உறை பிய்யும். தசைநார் உறுதியானது, உறை மெல்லியது. எது முதலில் கிழியும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஸ்கோப் என்பது சுமார் 12, 13 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட குழாய். வளையாமல் நேராக இருந்தால் ஆசனவாயிலிருந்து ஏறக்குறைய 50 சென்டிமீட்டரிலேயே இந்த மடிப்பை எட்டிவிடலாம். ஆனால் வழியில் இருக்கும் சிக்மாய்டு என்ற குடல் பகுதி தொங்கலாக, ஆடிக்கொண்டிருக்கும். ஸ்கோப்பைத் தள்ளத் தள்ள முனை முன்னேறாமல் சிக்மாய்டு மட்டும் பெரிய வளையமாக விரிந்துகொண்டு போகும். தோட்டத்து ஹோஸ் பைப்பைப் பின்னாலிருந்து தள்ளினால் நடுவில் வளைந்துகொள்ளுமே, அதே கதை. இதை லூப் என்பார்கள். லூப்பை எடுக்க, முனையை ஃப்ளெக்சர் மடிப்பில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு, ஸ்கோப்பை வலஞ்சுழியாகத் திருகிப் பின்னால் இழுப்பார்கள். லூப் நேராகும். வழக்கமான, அவசியமான வேலைதான் இது. ஆனால் அந்த இழுப்பின் முழுப் பாரமும் விழுவது கொக்கி மாட்டிய மடிப்பின் மேல், அங்கிருந்து தசைநாரின் மேல்.

இது ஒரு வழி. இன்னும் இரண்டு உண்டு. முன்பு நடந்த ஆபரேஷனாலோ கணைய அழற்சியாலோ குடலும் மண்ணீரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால், குடல் நகரும்போது மண்ணீரல் விட்டுக்கொடுக்க முடியாமல் கிழியும். மூன்றாவது, ஸ்கோப்பின் வளைவு குடல் சுவர் வழியாகவே மண்ணீரலை நேராக முட்டுவது. லூப் விழாமல் இருக்க உதவியாளர் வயிற்றில் கை வைத்து அழுத்துவார். அந்தக் கை இடது அடிவயிற்றில் இருக்கவேண்டும். இடது விலாவுக்கு அடியில் ஏறி அழுத்தினால் மண்ணீரலுக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் நெருக்கடி.

கவனித்தால் தெரியும்: மூன்றிலுமே குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி வாங்கியது வெளியே இருக்கும் உறுப்பு. இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

ஏன் தவறவிடுகிறார்கள்

கொலோனோஸ்கோப்பிக்குப் பிறகு வலி என்று திரும்பி வருகிறவரிடம் முதலில் கேட்பது, "மோஷனில் ரத்தம் போகுதா?" பாலிப் (குடலில் வளரும் சின்னச் சதை முளை) வெட்டிய இடத்தில் ரத்தம் வடிந்தால் மலத்தில் தெரியும். மண்ணீரல் ரத்தம் குடலுக்குள் வராது, வயிற்றுக் குழிக்குள் தேங்கும். மோஷன் சுத்தமாக இருக்கும்.

அடுத்து எக்ஸ்ரே. குடலில் ஓட்டை விழுந்திருந்தால் உதரவிதானத்துக்குக் கீழே காற்று கறுப்புப் பிறை போலத் தெரியும். ஓட்டை அபாயம் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவுதான் என்றாலும் மண்ணீரல் காயத்தைவிட அது அதிகம், ஆகவே அதைத் தேடுவது நியாயமே. ஆனால் மண்ணீரல் கிழிந்தவருக்குக் காற்று இருக்காது. படம் நன்றாக இருக்கும்.

மூன்றாவது ஹீமோகுளோபின். ரத்தம் போக ஆரம்பித்த முதல் சில மணி நேரத்தில் இந்த எண் நார்மலாகவே வரும். போவது முழு ரத்தம். மிச்சமிருப்பதன் அடர்த்தி உடனே மாறாது. திசுக்களிலிருந்து நீர் இறங்கியோ சலைன் ஏற்றியோ ரத்தம் நீர்த்த பிறகுதான் 12 என்பது 8 ஆகும். போதாக்குறைக்கு, முந்தைய நாள் பேதி மருந்து குடித்து உடம்பு வற்றியிருந்தால் முதல் எண் உள்ளதைவிட உயர்வாகவும் காட்டும். ஒரே ஒரு ஹீமோகுளோபினை வைத்து வீட்டுக்கு அனுப்புவது தப்பு. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்து, பரிசோதனைக்கு முன்பு எடுத்த எண்ணோடு ஒப்பிடவேண்டும்.

ஆக மோஷன் நார்மல், எக்ஸ்ரே நார்மல், ரத்தம் நார்மல். முடிவு: கேஸ். ஒரு பேன்டோபிரசோல் ஊசி, ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி, வீடு. டைக்ளோஃபெனாக் வலியை மறைக்கும், ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் சக்தியையும் குறைக்கும். இந்த நேரத்தில் இரண்டுமே வேண்டாதவை.

இதைவிட மோசமான ஒரு திருப்பமும் உண்டு. இடது மேல் வயிறு, இடது மார்பின் அடி, இடது தோள் என்று வலி சொல்லி, வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஹார்ட் அட்டாக். ஈசிஜி எடுக்கவேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரத்தம் குறைந்து இதயம் திணறும்போதும் ஈசிஜியில் மாற்றம் தெரியலாம். அதைப் பார்த்து "லோடிங் டோஸ்" என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கையில் கொடுத்து, ஹெபாரினும் போட்டுவிட்டால், மண்ணீரலிலிருந்து ரத்தம் கசியும் ஒருவருக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. அதனால், எமர்ஜென்சி வாசலில் நோயாளியோ கூட வந்தவரோ சொல்லவேண்டிய முதல் வாக்கியம் "நெஞ்சு வலி" என்பது இல்லை. "நேத்து கொலோனோஸ்கோப்பி பண்ணாங்க, அதுக்கப்புறம்தான் இந்த வலி" என்பதுதான். பிறகு மற்றதெல்லாம். முந்தாநாள் செய்தது, போன வாரம் செய்தது என்றாலும் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்துக்குள் அறிகுறி வந்துவிடும், ஆனால் சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் வந்திருக்கிறது.

ஏன் அவ்வளவு தாமதம்? சிலருக்கு உறை முழுதாகக் கிழியாமல் அதற்கு அடியில் மட்டும் ரத்தம் சேரும். தோலுக்கடியில் ரத்தக் கட்டு விழுவது மாதிரி. கட்டு மெதுவாகப் பெருகும், உறை நீளும், ஒரு லேசான மந்த வலி மட்டும் இருக்கும். பிறகு ஒரு நாள் இருமும்போதோ குனிந்து தண்ணீர்க் குடம் தூக்கும்போதோ உறை வெடிக்கும். அதற்குப் பிறகு எல்லாம் நிமிடக் கணக்கு.

கேஸ் வலியா, வேறு வலியா

கேஸ் வலி நகரும். இங்கே பிடிக்கும், அங்கே விடும். விட்டு விட்டு முறுக்கும், காற்று பிரிந்தால் இதமாகும், நடந்தால் குறையும். நேரம் போகப் போகத் தேயும். காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு ஊதும் இடங்களில் அந்த வாயுவைக் குடல் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்வதால், ஓரிரு மணி நேரத்திலேயே உப்புசம் வடிந்துவிடும். உங்களுக்கு எதை ஊதினார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கார்பன் டை ஆக்சைடு என்றால், இரவு எட்டு மணிக்குப் புதிதாக ஆரம்பிக்கும் வலியைக் கேஸ் கணக்கில் எழுத முடியாது.

மண்ணீரல் வலி ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்: இடது விலா ஓரம், அதற்குக் கீழே. மூச்சை இழுத்தால் குத்தும். காற்று பிரிந்தாலும் மாறாது. அசைந்தால் கூடும். நேரம் போகப் போகக் கனக்கும்.

அதோடு தோள்பட்டை. இடது தோளின் நுனியில், சட்டைத் தையல் உட்காரும் இடத்தில் வலி. அங்கே அமுக்கினால் வலி கூடாது, கையைச் சுழற்றினாலும் கூடாது, ஏனென்றால் தோளில் கோளாறே இல்லை. கசிந்த ரத்தம் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை எரிச்சலூட்டுகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தில் 3, 4, 5-ஆம் மட்டங்களிலிருந்து வருகிறது. தோள் நுனித் தோலுக்குப் போகும் நரம்பும் அதே அக்கம்பக்கத்திலிருந்துதான். மூளைக்கு விலாசம் குழம்பி, வலி தோளில் தெரிகிறது. ஹான்ஸ் கேர் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் பெயரால் இதைக் கேர் அறிகுறி என்பார்கள். மல்லாந்து படுத்தாலோ காலை உயர்த்தினாலோ ரத்தம் உதரவிதானத்தை நோக்கி ஓடுவதால் தோள் வலி கூடும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். இதைத் தைலம் தடவி, "டேபிள்ல ஒருக்களிச்சுப் படுத்ததுல சுளுக்கு" என்று விட்டுவிடுவதுதான் நடக்கிறது. இடது பக்கம் ஒருக்களித்துத்தான் பரிசோதனை செய்வார்கள் என்பதால் அந்த விளக்கம் பொருத்தமாகவும் தோன்றும். எல்லோருக்கும் தோள் வலி வரும் என்றும் இல்லை. அது இல்லாததால் மண்ணீரல் தப்பியது என்று முடிவு கட்டக் கூடாது.

தலைசுற்றல் இன்னொரு குழப்பம். இரண்டு லிட்டர் பேதி மருந்து குடித்து, ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். வேறுபடுத்த ஒரு வழி: ஓஆர்எஸ் கரைசலோ உப்புப் போட்ட மோரோ இளநீரோ குடித்துச் சாப்பிட்டு, சில மணி நேரத்தில் தெளிகிறதா என்று பாருங்கள். தெளியாமல் கூடிக்கொண்டே போனால் நீர்ச்சத்து மட்டும் காரணமில்லை. ஆனால் தலைசுற்றலோடு மேற்சொன்ன இடது பக்க வலியும் இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அப்போது வாயில் எதுவும் கொடுக்காமல் கிளம்பவேண்டும், ஆபரேஷன் தேவைப்படலாம்.

வீட்டில் பிபி மெஷின் இருந்தால் அதில் வரும் இரண்டு எண்களைப் பாருங்கள்: மேல் பிபி, நாடித்துடிப்பு. நல்ல நிலையில் பிபி 120, நாடி 75 என்பது போல நாடி எண் தாழ்ந்தே இருக்கும். நாடி ஏறி, பிபி இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வந்தால், உதாரணமாகப் பிபி 104, நாடி 102, அது நிஜமான எமர்ஜென்சி. ரத்தம் போகும்போது நாடிதான் முதலில் ஏறும், பிபி கடைசியில்தான் விழும். அட்டெனோலால், மெட்டோபிரோலால் மாதிரி பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். அவர்கள் விஷயத்தில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

108-க்குப் போன் செய்வதா, சொந்த வண்டியா என்றால், மயக்கம் வருகிறவரை ஆட்டோவிலோ, பைக்கில் நடுவில் உட்கார வைத்தோ கொண்டு போகாதீர்கள். ராத்திரி முழுக்க சிடி ஸ்கேனும், ரத்த வங்கியும், சர்ஜனும் உள்ள இடத்துக்கே நேராகப் போவது நல்லது. இது மூன்றும் இல்லாத நர்சிங் ஹோமில் இரண்டு மணி நேரம் சலைன் ஏற்றிவிட்டு அப்புறம் மாற்றுவது நேர விரயம்.

ஸ்கேன்

கண்டுபிடித்துத் தருவது கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் சிடி ஸ்கேன்தான். ஊசி இல்லாத பிளெயின் சிடியில் கிழிசல் தெரியாமல் போகலாம். குடிக்கும் கான்ட்ராஸ்ட் இதற்குத் தேவையில்லை, அதைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம். தமனிக் கட்டத்திலும் பிறகு சிரைக் கட்டத்திலும் என்று இரண்டு முறை படம் எடுத்தால், கசிவு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். ஓடிக்கொண்டிருந்தால் கான்ட்ராஸ்ட் வெளியே சிந்தி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அதை பிளஷ் என்பார்கள். சிடி டேபிளுக்குக் கொண்டுபோக முடியாத அளவு பிபி விழுந்திருந்தால் படுக்கையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து வயிற்றில் ரத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நேராகத் தியேட்டர்.

ரிப்போர்ட்டில் கிரேடு 1 முதல் 5 வரை போட்டிருப்பார்கள். கிரேடு 1 என்றால் ஒரு சென்டிமீட்டருக்குள் கிழிசல் அல்லது மேற்பரப்பில் பத்து சதவீதத்துக்குள் ரத்தக் கட்டு. 3 சென்டிமீட்டர் தாண்டினால் கிரேடு 3. கிரேடு 5 என்றால் மண்ணீரல் நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பது இந்த எண் மட்டுமல்ல. பிபி நிற்கிறதா, பிளஷ் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளும் எண்ணைவிட முக்கியம்.

பிபி நின்று, பிளஷ் இல்லாமல், கிரேடு குறைவாக இருந்தால் ஐசியூவில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு கையிலும் சலைன், ரத்தம் ஏற்றத் தடித்த வென்ஃபிளான், குரூப் பார்த்து ரத்தம் தயார், மணிக்கு மணி நாடி, திரும்பத் திரும்ப ஹீமோகுளோபின். இந்த நேரத்தில் "ஒண்ணுமே பண்ணாம சும்மா படுக்க வெச்சிருக்காங்க" என்று வீட்டாருக்கு எரிச்சல் வரும். சும்மா இல்லை, அதுதான் சிகிச்சை. பிளஷ் இருந்து, பிபியும் நின்றால் தொடை வழியாகக் கதீட்டர் விட்டு மண்ணீரல் தமனியில் காயில் என்ற சின்னக் கம்பிச் சுருளை வைத்து அடைக்கலாம். தமனியை அடைத்தால் மண்ணீரல் செத்துப்போகாதா என்று கேட்பார்கள். மூலத் தமனியை அடைத்தாலும் வயிற்றுப் பக்கத்துச் சின்னக் கிளைகள் வழியாக ரத்தம் வந்துகொண்டிருக்கும். அழுத்தம் மட்டும் குறையும், கிழிசல் உறைய நேரம் கிடைக்கும். இதற்கு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் வேண்டும், சென்னையிலும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இரவில் கிடைக்கமாட்டார். பிபி நிற்கவில்லை என்றால் ஆபரேஷன், மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். பதிவான சம்பவங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. இறந்தவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம்.

முன்னாலேயே செய்யக்கூடியது

யாருக்கு அபாயம் கூடுதல்? வயிற்றில் முன்பு ஆபரேஷன் ஆனவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், மண்ணீரல் வீங்கியவர்கள், ரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள். பெண்களுக்கு அதிகம் என்று பதிவுகள் காட்டுகின்றன. கர்ப்பப்பை ஆபரேஷன் எங்கோ கீழே நடந்ததுதானே என்று சொல்லாமல் விடாதீர்கள். அதனால் ஏற்படும் ஒட்டுதல் சிக்மாய்டைக் கட்டிப்போட்டு, லூப்பை எடுப்பதைக் கடினமாக்கும். மறுபுறம், இதில் எதுவுமே இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது.

மண்ணீரல் வீக்கம் நம் ஊரில் அவ்வளவு அரிதில்லை. குடியால் சிரோசிஸ் ஆனவர்கள், சமீபத்தில் மலேரியாவோ டைஃபாய்டோ வந்து தேறியவர்கள். மழைக்கால டெங்குவில் தட்டணு இருபதாயிரத்துக்கு இறங்கி ஏறிய ஒருவர், மூன்றாவது வாரமே வழக்கமான செக்கப் கொலோனோஸ்கோப்பிக்குப் போக என்ன அவசரம்? அவசரக் காரணம் இல்லையென்றால் சில வாரம் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரலைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தினால் வரும் ஆபத்து, மண்ணீரல் கிழிவதைவிடப் பல மடங்கு நிஜமானது. இதய டாக்டரும் கேஸ்ட்ரோ டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

மயக்க மருந்து பற்றி ஒரு வார்த்தை. புரோப்போஃபால் கொடுத்துத் தூங்க வைத்தால் நோயாளிக்குச் சுகம். ஆனால் லூப் இழுபடும்போது "வலிக்குது" என்று சொல்ல ஆள் இல்லை. அந்தக் குரல்தான் ஸ்கோப் பிடித்தவருக்கு எச்சரிக்கை. இதற்காக மயக்கம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தூங்கும் நோயாளிக்குக் கை இன்னும் மென்மையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஃப்ளெக்சரில் மாட்டிக்கொண்டால் பலம் போடாமல் நோயாளியை மல்லாக்கவோ வலது பக்கமோ திருப்பினால் அந்த மடிப்பு தானாகவே விரியும். அதற்கும் வழிவிடவில்லை என்றால் நிறுத்திவிட்டு, ஸ்கேன் வழியாகவே குடலைப் பார்க்கும் சிடி கொலோனோகிராஃபிக்கு அனுப்புவது தோல்வி இல்லை.

கன்சென்ட் படிவத்தில் இது இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் இருக்காது. 2008-ல் உச்ச நீதிமன்றம் நோயாளி சம்மதம் பற்றிய ஒரு தீர்ப்பில், பயமுறுத்திக் குழப்பும் அளவுக்கு வெகு அபூர்வமான அபாயங்களையெல்லாம் விளக்கவேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறது. அதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. டேபிளில் ஏறும் முன் பத்தாயிரத்தில் ஒன்றைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லவேண்டிய இடம் டிஸ்சார்ஜ் சீட்டு. "இடது விலா ஓரமோ இடது தோளிலோ வலி, தலைசுற்றல் இருந்தால் உடனே வரவும்" என்று ஒரு வரி போதும். பல சீட்டுகளில் "சாதாரண உணவு, 5 நாள் கழித்து ரிவ்யூ" என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த வரியை நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள், இரவில் கூப்பிட ஒரு போன் நம்பரையும்.

ரிப்போர்ட்டை வாங்கியதும் படியுங்கள். "லூப்பிங்", "டிஃபிகல்ட்", "அப்டாமினல் பிரஷர் அப்ளைட்", "டார்ச்சுவஸ்" என்ற வார்த்தைகள் இருந்தால் உங்கள் பரிசோதனை சுலபமாகப் போகவில்லை என்று பொருள். சுலபமாகப் போனவர்களுக்கும் காயம் வந்திருக்கிறது, ஆனால் இந்த வார்த்தைகள் இருந்தால் அடுத்த இரண்டு நாளுக்கு இன்னும் கொஞ்சம் விழிப்பாக இருங்கள். எமர்ஜென்சிக்குப் போனால் அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.

வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களுக்கு: காலையில் பரிசோதனை, ராத்திரி சென்ட்ரலில் ரயில் என்று டிக்கெட் போடாதீர்கள். கிரீம்ஸ் ரோட்டுப் பக்கம் லாட்ஜில் இன்னொரு இரவு தங்கும் செலவு, நள்ளிரவில் ஓடும் ரயிலில் பிபி விழுவதற்கு முன் ஒன்றுமே இல்லை. தனியாகவும் தங்கவேண்டாம்.

மண்ணீரல் போன பிறகு

மண்ணீரலைக் காப்பாற்றி வீடு வந்தவருக்குக் கட்டுப்பாடு சில வாரம்: கனம் தூக்காமல், விளையாடாமல், முக்கியமாக டூவீலர் இல்லாமல். ஆறிவரும் உறைக்கு நம் தெருக்களின் பள்ளமும் ஸ்பீட் பிரேக்கரும் ஆகாது.

எடுத்துவிட்டால் கட்டுப்பாடு வேறு மாதிரி, ஆயுளுக்கும். ஆபரேஷன் முடிந்த வாரங்களில் தட்டணு எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டக்கூடும். டெங்குவில் தட்டணு குறைவதைப் பார்த்தே பழகிய நமக்கு இது நல்ல சேதி போலத் தோன்றும். இல்லை, ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்தால் அதனால்தான்.

மண்ணீரல் இல்லாதவருக்குச் சில கிருமிகள் ரத்தத்தில் எளிதில் பெருகும் என்பதால் தடுப்பூசிகள் அவசியம். அவற்றை ஆபரேஷன் ஆகி 14 நாள் கழித்துப் போடுவது நல்லது, அப்போதுதான் உடம்பு நன்றாகப் பதில் கொடுக்கும். திரும்பி வருவாரா என்ற சந்தேகம் இருந்தால் டிஸ்சார்ஜ் முன்பே போட்டுவிடவேண்டும். நிமோகாக்கல் கான்ஜுகேட் ஊசி, அதில் 13 வகைக் கிருமிக்கானதைப் போட்டிருந்தால் எட்டு வாரம் கழித்து 23 வகைக்கானது. மெனிஞ்சோகாக்கல் எட்டு வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி கிருமிக்கான ஊசி) ஒன்று. ஃப்ளூ ஊசி வருடா வருடம். இது பெரியவர்களுக்கான ஊசி என்பதால் எந்த முகாமிலும் யாரும் தேடி வந்து போடமாட்டார்கள். தேதி எழுதி நீங்களே கேட்கவேண்டும்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்க்கலாம் என்ற வழக்கம் இவர்களுக்கு இல்லை. மண்ணீரல் இல்லாதவருக்கு நிமோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் பெருகினால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகலாம். குளிர் காய்ச்சல் என்றால் டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸை வாயில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும். மலேரியாவும் இவர்களுக்குக் கடுமையாக வரும். சென்னையில் மலேரியா கொசு வளர்வது கிணற்றிலும் மாடித் தொட்டியிலும். மூடி உடைந்த தொட்டி மாடியில் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

தெரு நாய் கடித்தால், அல்லது வீட்டு நாய் காயத்தை நக்கினால்கூட, ரேபிஸ் ஊசியோடு வேலை முடியவில்லை. நாயின் எச்சிலில் இருக்கும் கேப்னோசைட்டோஃபேகா என்ற கிருமி சாதாரண ஆளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, மண்ணீரல் இல்லாதவருக்கு ரத்தம் முழுக்கப் பரவும். ஊசி போடும் இடத்தில் "எனக்கு ஸ்ப்ளீன் எடுத்துட்டாங்க" என்று சொல்லி, அமாக்சிசிலின் கிளாவுலனேட்டும் சேர்த்துக் கேட்கவேண்டும். பர்ஸில் ஆதார் கார்டுக்குப் பின்னால் "மண்ணீரல் இல்லை", ஆபரேஷன் தேதி, போட்ட ஊசிகள், பென்சிலின் அலர்ஜி உண்டா இல்லையா என்று ஒரு அட்டை வைத்துக்கொண்டால், மயங்கி விழுந்தாலும் அது பேசும்.